இரண்டு கடிதங்கள், மூன்று பேர்

‘காஸாபிளாங்கா’ படத்தின் கதையை இழுத்துக்கொண்டு போகிற இரண்டு பயணக் கடிதங்களும் முழுப் பொய். கையெழுத்து இருக்கும், பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், எந்த அதிகாரியும் அதை மறுத்துப் பேச முடியாது, திரும்பப் பறிக்கவும் முடியாது. அப்படியொரு கடிதத்தை விஷி பிரான்ஸும் கொடுத்ததில்லை, வேறு எந்த அரசும் கொடுத்ததில்லை. மரே பேர்னெற், ஜோன் அலிசன் என்ற இருவர் எழுதி, அப்போது மேடை காணாமலே கிடந்த ஒரு நாடகத்துக்காகக் கற்பனை செய்தது அது. படத்தின் பெரிய ஓட்டை என்று அதைச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு அந்த ஓட்டை கண்ணில் படாது. ஒரு தாளில் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், ஏன் எதற்கு என்று கேட்காமல் நம்பிப் பழகியவர்கள் நாங்கள். சட்டப்படி அந்தத் தாளுக்குப் பெறுமதி உண்டா என்பது பிறகு யோசிக்கிற விஷயம். வரிசையில் நிற்பதுதான் முதல் வேலை.

கதையைப் பலர் அறிவார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர். ஜேர்மன் படை பிடித்த ஐரோப்பாவிலிருந்து தப்புகிறவர்கள் பாரிசிலிருந்து மார்செய், அங்கிருந்து கடல் தாண்டி ஓரான், பிறகு ரயிலிலோ காரிலோ கால்நடையாகவோ காஸாபிளாங்கா என்று வந்து சேர்கிறார்கள். அங்கிருந்து லிஸ்பனுக்கு விமானம், லிஸ்பனிலிருந்து அமெரிக்கா. பணமும் ஆள்பழக்கமும் உள்ளவருக்கு வெளியேற அனுமதி கிடைக்கும். மற்றவர்கள் காத்திருப்பார்கள். அந்த ஊரில் கபே நடத்துகிற அமெரிக்கன் றிக். பாரிசில் அவன் காதலித்த இல்சா, அந்த நகரம் விழப்போகிற நாளில் ரயில் நிலையத்துக்கு வராமல் ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பியவள், இப்போது கணவனோடு வந்து நிற்கிறாள். கணவன் லாஸ்லோ, தடுப்பு முகாமிலிருந்து தப்பிய செக் நாட்டுப் போராளி. செத்துப்போனான் என்று அவள் நம்பியிருந்த காலத்தில்தான் றிக்கோடு பழகினாள். கடிதங்கள் இரண்டும் றிக்கின் கையில். ஆட்கள் மூன்று பேர்.

வார்னர் பிரதர்ஸ் தயாரித்த இந்தப் படத்தை இயக்கியவர் ஹங்கேரியில் பிறந்த மைக்கேல் கேர்டிஸ். 1942 நவம்பர் 26ஆம் திகதி நியூயோர்க்கில் முதலில் திரையிட்டார்கள். நேசப்படைகள் வட ஆபிரிக்காவில் இறங்கி அப்போது மூன்று கிழமைகூட ஆகவில்லை. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என்று மூன்று ஒஸ்கார். கடைசியில் றிக் கடிதங்கள் இரண்டையும் கணவனுக்கும் மனைவிக்கும் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டுத் தான் நின்றுவிடுகிறான். எண்பது வருடமாக உலகம் இந்த முடிவைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறது. காதலின் மிகப் பெரிய தியாகம் என்று அதற்குப் பெயர் வைத்தாயிற்று. எனக்கு அதில் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

அந்த வழக்கு புரிய எங்கள் தாள்களின் கதையைச் சொல்லவேண்டும்.

1990இல் ஆனையிறவுப் பாதை அடைபட்டது. 91இன் கடைசியில் பூநகரியில் இராணுவம் வந்து குந்த, சங்குப்பிட்டிப் பாதையும் போயிற்று. மிஞ்சியது கிளாலி. இரவில், விளக்கில்லாமல், வள்ளங்களை ஒன்றின் பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி இயந்திரப் படகால் இழுத்துக்கொண்டு கடல்நீரேரியைத் தாண்டுவார்கள். கடற்படையின் கண்ணில் பட்டால் சரி. 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அப்படிப் பட்டவர்களின் பிணங்கள் கரைக்கு வந்தன. ஆனால் கிளாலிக் கரைக்குப் போவதற்கே ஒரு தாள் வேண்டும். அது புலிகளின் பாஸ். ஏன் போகிறாய், எப்ப திரும்புவாய் என்ற விசாரணையோடு, உள்ளே இருக்கிற ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். இளவட்டங்களுக்கு அந்தத் தாள் லேசில் கிடைக்காது. ஒருவர் போவதற்கு இன்னொருவர் நிற்கவேண்டும் என்ற கணக்கை எங்கள் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்னமே படித்துவிட்டார்கள்.

அக்கரை ஏறினால் வவுனியாவில் மற்றத் தரப்பின் பாஸ். 96க்குப் பிறகு அது ஒரு தனிக் கல்வியாக வளர்ந்தது. ஒரு நாளைக்கு ஒன்று, ஒரு கிழமைக்கு ஒன்று, ஒரு மாதத்துக்கு ஒன்று. அங்கேயும் உள்ளூரில் ஒருவர் பொறுப்பு நிற்கவேண்டும். அதையும் தாண்டிக் கொழும்புக்கு வந்தால் பொலிஸ் பதிவு, லொட்ஜ், ஏஜென்சிக்காரன். காஸாபிளாங்காவின் தொடக்கத்தில், ஜேர்மன் தபால் தூதர்கள் இருவர் கொல்லப்பட்ட செய்தி வந்தவுடன் பொலிஸ் தெருவில் கண்ட அகதிகளையெல்லாம் அள்ளி வண்டியில் ஏற்றும். அதைப் பார்க்கும்போது எனக்கு 2007 ஜூன் 7 ஞாபகம் வரும். அன்று விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் படுத்திருந்த தமிழர் 376 பேரை எழுப்பி, சாமான் கட்ட அரைமணி கொடுத்தார்களோ என்னவோ, பஸ்களில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர்நீதிமன்றம் தடை போட்டது. அவர்களில் பலர் வெளிநாட்டுக் கடதாசிக்காகவோ வைத்தியத்துக்காகவோ காத்திருந்தவர்கள். றிக்கின் கபேயில் மேசைக்கு மேசை பார்த்தால் இருக்கிறவர்கள் அந்த ரகம்தான்.

விமானமும் எங்களுக்குப் புதிதில்லை. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த லயன் எயார் விமானம் 1998 செப்டம்பர் 29ஆம் திகதி 55 பேரோடு மன்னார்க் கடலில் போய்விட்டது. அந்த விமானத்துக்கு ரிக்கற் கிடைக்கவில்லை என்று முதல் நாள் அழுதவர்களும் இருந்திருப்பார்கள். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலைத் தரைப்பாதை மூடப்பட்டபோது மறுபடி விமானமும் கப்பலும்தான். இந்த முறை தாளின் பெயர் கிளியரன்ஸ். கொடுப்பது இராணுவம். பெயர்கள் மாறும், முத்திரை மாறும், வரிசை மாறாது.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது 93ஆம் ஆண்டளவில், கிளாலிக் காலத்தில். படம் பார்க்கவென்று கூடிய கூட்டமில்லை அது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பெடியனுக்குக் கனடாவில் கலியாணம் நடந்து, வீடியோக் கசெற் பல கை மாறி ஊருக்கு வந்திருந்தது. மின்சாரம் போய் மூன்று வருடம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். ரீவியும் டெக்கும் வாடகைக்கு. ஜெனரேற்றர் நாலு சொட்டுப் பெற்றோலில் உதறி எழும்பி, பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடும். முற்றத்தில் பாய் விரித்து, மாப்பிள்ளையின் தாய் தகப்பன் நடுவில் கதிரையில். மண்டபம், மணவறை, கோட்டுப் போட்டுக்கொண்டு குளிரில் விறைக்கிற சனம். தாலி கட்டுகிற இடத்தில் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மெலிஞ்சு போனான்” என்று மட்டும் சொன்னா. கசெற் முடிந்தும் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தது. ஆங்கிலம் படிப்பிக்கிற மாஸ்ரர் ஒருவர், அந்த நாளில் கோட்டைப் பக்கமிருந்த றீகல் தியேட்டரில் ஆங்கிலப் படங்களாகப் பார்த்துத் தள்ளியவர், தன்னிடமிருந்த கசெற்றை எடுத்துவந்து போட்டார். அதுதான் காஸாபிளாங்கா.

கறுப்பு வெள்ளைப் படம், ஆங்கிலம். பாதிச் சனம் எழும்பிப் போய்விட்டது. மிஞ்சினவர்களுக்கு மாஸ்ரர் இடையிடையே நிறுத்தாமல் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதுதான் விசேஷம். பாஸ் எடுக்க வந்த சனம் என்று ஒரு சொல் சொன்னார், எல்லாம் விளங்கிவிட்டது. கறுப்புச் சந்தைக்காரன் ஃபெராரி வந்து நின்றதும், “உவர்தான் ஏஜென்சி போல” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளையின் தாய் கடைசிக் காட்சி வரை இருந்தா. விமானம் புறப்படப் போகிற நேரத்தில் மாஸ்ரரைக் கேட்டா:

“மாஸ்ரர், உவை ரெண்டு பேருக்கும் பிணை ஆர் நிண்டது?”

மாஸ்ரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவன்தான், அந்தத் தொப்பிக்காரன்” என்றார்.

“அப்ப அவன்ரை பாடு?”

“அவன் நிக்கிறான்.”

“நிக்கட்டும். ஆம்பிளைதானே. கையிலை துவக்கும் கிடக்கு.”

றிக்கைப் பற்றி நான் பிறகு எவ்வளவோ வாசித்திருக்கிறேன். அமெரிக்கா போருக்குள் இறங்கியதன் உருவகம் என்பார்கள், வெறுத்துப்போன மனிதன் திரும்ப அறத்தைக் கண்டடைகிறான் என்பார்கள். கையில் துவக்கு இருக்கிறது என்று யாரும் எழுதி நான் காணவில்லை. எண்ணிப் பாருங்கள். றிக் நிற்கும்போது அவன் கையில் துவக்கு, பக்கத்தில் பொலிஸ் கப்டன் றெனோ, தன் கண்முன்னே ஜேர்மன் மேஜரைச் சுட்டவனைக் காட்டிக்கொடுக்காமல் வழக்கமாகப் பிடிக்கிறவர்களைப் பிடியுங்கள் என்று ஆளனுப்புகிறவன், போக்கிடமாகப் பிராஸவில், வழிச்செலவுக்குப் பந்தயத்தில் வந்த பத்தாயிரம் பிராங்க். கபேயை முன்னமே விற்றாயிற்று. இவ்வளவும் உள்ளவன் ஒரு பெண்ணை விட்டுக்கொடுத்தால் அது அழகான தியாகம்தான், நான் மறுக்கவில்லை. றிக்காக நடித்த போகார்ட்டின் அந்த மழைக்கோட்டும் மூடுபனியும் சேர்ந்தால் எந்த விட்டுக்கொடுப்பும் அழகாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் பிணை நின்றவர்களுக்கு இந்த வசதி எதுவும் இருக்கவில்லை. நீரிழிவுக் குளிசை முடிந்துபோன தகப்பன், கலியாணம் ஒப்பேறாத அக்கா, மகன் திரும்பமாட்டான் என்று தெரிந்துகொண்டே “பதினைஞ்சு நாளிலை வந்திடுவான்” என்று கையெழுத்து வைத்த தாய். அவர்கள் நின்றது காதலுக்காகவா கடமைக்காகவா என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை, அவர்களுக்கும் இருக்கவில்லை.

படத்தில் எனக்குப் பிடித்த இடம் கடைசிக் காட்சியில்லை. நடுவில் வருகிற ரூலெற் காட்சி. பல்கேரியாவிலிருந்து வந்த ஒரு இளம் சோடி. கணவன் சூதாட்ட மேசையில் இருக்கிற காசையும் தோற்றுக்கொண்டிருக்கிறான். மனைவி அனினா றிக்கிடம் தனியாக வந்து, கப்டன் றெனோ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தானா என்று கேட்கிறாள். றெனோ அனுமதிக் கடிதத்துக்கு என்ன விலை கேட்கிறான் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. ஒரு பெண் தன் கணவனின் நன்மைக்காக ஒரு பிழை செய்து, அதை ஆயுளுக்கும் மறைத்து வைத்தால் அவன் மன்னிப்பானா என்று மட்டும் கேட்கிறாள். றிக் வெடுக்கென்று ஏதோ சொல்லி எழும்பிவிடுகிறான். பிறகு மேசைக்குப் போய் அந்தப் பெடியனின் காதுக்குள் 22இல் வை என்கிறான். சக்கரம் சுற்றி 22இல் நிற்கிறது. விட்டுவை என்கிறான். மறுபடி 22. காசை எடுத்துக்கொண்டு போ, திரும்பி இந்தப் பக்கம் வராதே. மேசைக்காரனிடம் இன்றைக்கு வியாபாரம் எப்படி என்று கேட்க, அவன் நட்டக் கணக்கை முகம் மாறாமல் சொல்கிறான்.

இரண்டு மூன்று நிமிடம் வருமா? இதில் யாரும் தியாகம் செய்யவில்லை. ஒருவன் தன் சக்கரத்தைத் தானே ஏமாற்றி, ஒரு பெண் செய்யவிருந்த காரியத்தைச் செய்யவிடாமல் தடுத்துவிடுகிறான். தாள் கொடுக்கிற மேசைக்கு முன்னால் பெண்கள் தனியாக நின்ற கதைகள் எங்களிடமும் உண்டு. கொழும்பிலும், இடையில் மாதக்கணக்காகத் தங்கவைத்த நாடுகளிலும், ஏஜென்சிக்காரனின் அறைகளிலும் நடந்தவை. அவை பெரும்பாலும் எழுதப்படவில்லை. கணவனுக்குச் சொல்லாத கதை கட்டுரைக்கு வருமா? அனினாவின் கேள்விக்கு றிக் வாயால் பதில் சொல்லாததைப் படத்தின் மிகப் பெரிய நாகரிகமாக நான் நினைக்கிறேன்.

இனி அந்த முடிவு. மூன்று பேரில் யாரை ஏற்றுவது என்பதில் கதாசிரியர்களுக்கு உண்மையில் அவ்வளவு சுதந்திரம் இருக்கவில்லை. எப்ஸ்டைன் சகோதரர்களும் ஹவர்ட் கோச்சும் படப்பிடிப்பு ஓட ஓட எழுதினார்கள். தான் யாரோடு போகப்போகிறேன் என்று தெரியாமலே நடித்தேன் என்று இல்சாவாக நடித்த இங்க்ரிட் பெர்க்மன் பிறகு சொல்லியிருக்கிறார். அது தெரியாவிட்டாலும், அந்தக் காலத்து ஹொலிவூட் தணிக்கை விதி எல்லாருக்கும் தெரியும். கணவன் உயிரோடிருக்க மனைவி காதலனோடு போய் நன்றாக வாழ்ந்தாள் என்று முடிக்க முடியாது. ஆகவே உலகம் கொண்டாடுகிற அந்தக் கசப்பிலும் இனிப்பிலும் ஒரு பங்கு தணிக்கை மேசையில் கலந்தது. கற்பு எங்கள் சொத்து மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் சொத்தையும் பார்த்துவிடலாம். 1962இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஏறக்குறைய இதே கணக்குத்தான். நோயாளிக் கணவன் முத்துராமன், மனைவி தேவிகா, அவளுடைய பழைய காதலனே கணவனின் உயிரைக் காப்பாற்றவேண்டிய டொக்டர் கல்யாண்குமார். காஸாபிளாங்காவில் லாஸ்லோ றிக்கிடம், நீ அவளை நேசிக்கிறாய் என்று தெரியும், என்னை விடு, கடிதங்களை வைத்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்பான். இங்கே முத்துராமன், நான் செத்தால் நீ டொக்டரைக் கட்டிக்கொள் என்று மனைவியிடமே சொல்வார். அதற்குப் பதிலாகத்தான் பி. சுசீலாவின் அந்தப் பாட்டு. ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் படமெடுத்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. முக்கோணத்துக்கு மூலைகள் மூன்றுதான். வித்தியாசம் முடிவில். ஸ்ரீதரின் டொக்டர் கணவனைக் காப்பாற்றிவிட்டு உயிரை விடுகிறார். எங்கள் சினிமாவில் மிஞ்சுகிற மூன்றாம் ஆள் செத்தால்தான் கணக்கு நேராகும். றிக் சாகாமல் நடந்து போகிறான். அந்த வகையில் காஸாபிளாங்கா நேர்மையான படம். மிஞ்சினவர்கள் சாவதில்லை. அடுத்த நாள் விடியும், தேத்தண்ணி குடிக்கவேண்டும்.

ஆனால் இந்த இரண்டு படத்திலும் பெண்ணை என்ன செய்தார்கள்? தேவிகாவுக்காவது ஒரு பாட்டு முழுக்க மறுத்துப் பேச இடமிருந்தது. இல்சா பாவம். அவளிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள், அதை யாரும் கவனிப்பதில்லை. ஃபெராரி, உங்கள் கணவருக்கு முடியாது, உங்களுக்கு மட்டும் அனுமதி எடுத்துத் தரலாம் என்கிறான். லாஸ்லோவும் நீ போ என்கிறான். அவள் முடியாது என்கிறாள். லீலில் நான் வழி மறிபட்டபோதும் மார்செயில் நோயில் கிடந்தபோதும் நீங்கள் மட்டும் ஏன் போகவில்லை என்று திருப்பிக் கேட்கிறாள். கேட்டால் அவள் சொல்கிற பதில் இது. பிறகு றிக்கின் அறையில், துவக்கை நீட்டி, நீட்டிய கை தளர்ந்து, எல்லாருக்குமாக நீங்களே யோசியுங்கள் என்று விட்டுவிடுகிறாள். அவன் யோசித்தான். என்ன யோசித்தான் என்பதை விமான நிலையம் வரும்வரை அவளுக்குச் சொல்லவில்லை. கடிதத்தில் பெயர் எழுதச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரியும்.

எங்கள் வீடுகளில் இது எத்தனை தரம் நடந்தது! இரண்டு பேருக்குக் காசு இருக்கிறது, பிள்ளைகள் மூன்று. ஐயாவும் மாமாவும் முன்விறாந்தையில் இருந்து கதைப்பார்கள். மூத்தவனை அனுப்புவம், அவன் போய் மற்றவையை எடுப்பான். பெட்டையை லண்டன் மாப்பிள்ளைக்குக் கேட்டு வந்திருக்கு, படம் அனுப்பு. அவளுக்குக் கம்பஸில் ஒரு பெடியன் இருந்திருப்பான், அது வீட்டுக்கும் தெரிந்திருக்கும். அவளுடைய நன்மைக்குத்தான், ஐயமே இல்லை. இங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம். றிக் சொல்கிற நியாயமும் அதுதான்: இன்றைக்கு இல்லாவிட்டாலும் பிறகொரு நாள் வருந்துவாய். முன்விறாந்தையில் வந்த தீர்ப்புகளில் அநேகம் சரியாகவே இருந்தன. சரியான தீர்ப்பு என்பதால் அவள் வாய் திறக்க இடமில்லாமல் போனது.

அந்தப் படத்துக்குள்ளேயே இன்னொரு சோடி இருக்கிறது. மேசைக்காரன் எமிலாக வருகிற மார்செல் டாலியோ, றிக் கைவிட்ட காதலி இவோனாக வருகிற மடலின் லெபோ. நிஜத்தில் கணவன் மனைவி. டாலியோ பிரெஞ்சு சினிமாவில் பெரிய நடிகர், ழான் ரெனுவாரின் படங்களில் நடித்தவர், யூதர். பாரிசைப் பிடித்த பிறகு நாஜிகள் யூத முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவருடைய படத்தையே சுவரொட்டியாக ஒட்டினார்கள். இருவரும் 1940இல் லிஸ்பனுக்கு ஓடி, சிலி நாட்டு விசா எடுத்துக் கப்பல் ஏறினார்கள். விசா கள்ள விசா. மெக்சிக்கோவில் மாட்டுப்பட்டு, ஒருமாதிரி அமெரிக்கா வந்தார்கள். வந்த இடத்தில் அவர் சூதாட்ட மேசையில் சில வரி பேசுகிற மேசைக்காரன். ஜேர்மன் அதிகாரிகளின் பாட்டை அமுக்கிக்கொண்டு கபே முழுக்க எழும்பிப் பிரெஞ்சுத் தேசியகீதம் பாடுகிற காட்சியில் கமரா லெபோவின் முகத்துக்குப் போகும். கண்ணீர் வழிய உரத்துப் பாடுவாள். அவளுக்கு அப்போது இருபதுக்குச் சற்றுக் குறைந்தோ கூடியோ வயது. பாரிஸ் விழுந்து இரண்டு வருடம். அது நடிப்பா இல்லையா என்று பிரித்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

அதே படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1942 ஜூனில் டாலியோ விவாகரத்துக்கு மனுப்போட்டார். இரண்டு பேர், இரண்டு தாள், இருவருமாகவே தப்பினார்கள். றிக்குக்கும் இல்சாவுக்கும் கிடைக்காதது அவர்களுக்குக் கிடைத்தது. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் எங்கள் சனத்தின் கதைகளைக் கொஞ்சம் கேட்டிருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. குண்டு விழும்போது சேர்ந்து ஓடின சோடிகள் குண்டு விழாத ஊரில், இரண்டு வேலை, மூன்று பஸ், வெவ்வேறு சிஃப்ற் என்று ஒருவரையொருவர் காணாமலே விலகிப்போனார்கள்.

றிக்கும் இல்சாவும் பிரியும்போது, எங்களுக்குப் பாரிஸ் எப்போதும் இருக்கும் என்ற கருத்தில் ஒரு ஆறுதல் சொல்லப்படும். உலகப் பிரசித்தம். எங்களுக்குப் பாரிஸ் நினைவில் இருக்கிற ஊரில்லை. லாச்சப்பலில் போய் இறங்கி முருங்கைக்காய் வாங்குகிற ஊர். இல்சாவின் சனம் விட்டு ஓடிய அதே நகரத்துக்கு எங்கள் சனம் ஓடிப்போய்ச் சேர்ந்தது. அல்லைப்பிட்டியில் பிறந்து, பையனாக இயக்கத்துக்குப் போய், பிரான்ஸில் அகதியான ஷோபாசக்தி, ஜாக் ஓடியார் இயக்கிய ‘தீபன்’ படத்தில் நாயகனாக நடித்தார். 2015இல் கான் விழாவின் தங்கப்பனை அதற்குக் கிடைத்தது. அங்கேயும் தாள்தான் கதை. செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போட்டுகளில், ஒருவருக்கொருவர் ஆரென்றே தெரியாத ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் கணவன், மனைவி, பிள்ளையாகப் பிரான்ஸ் வந்துசேர்கிறார்கள். தலை மாற்றிய பாஸ்போட்டில் போனவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும், ஆதலால் அந்தத் தொடக்கம் எனக்கு மிகையாகப் படவில்லை. காஸாபிளாங்காவில் தாள் காதலர்களைப் பிரிக்கிறது, தீபனில் தாள் அந்நியர்களைக் குடும்பமாக்குகிறது. இரண்டாவதில் துப்பாக்கிச் சண்டை வந்து கதையை விழுங்கிவிட்டது என்பதும், இங்கிலாந்தில் வெயிலும் புல்தரையுமாக வருகிற அந்த முடிவு ஒட்டவில்லை என்பதும் என் அபிப்பிராயம். ஆனாலும் விமானத்துக்குப் பிறகு என்ன என்று ஒரு படம் கேட்டது. அந்த அளவில் அது கேர்டிஸை ஒரு படி தாண்டியது.

பலாலிக்கு இப்போது சர்வதேச விமான நிலையம் என்று பெயர். 2019இல் திறந்தார்கள், கொரோனாவில் மூடி, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிற பெண்களை நான் பார்ப்பதுண்டு. ஐம்பது தாண்டியவர்கள், பிள்ளைகளோடு தமிழும் ஆங்கிலமுமாகக் கதைத்துக்கொண்டு, இடிந்துபோன ஒரு வீட்டின் படலையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். முன்விறாந்தையில் தீர்ப்பானவர்கள். யாராவது ஒருவர் கேட்டால் எல்லாம் நல்லாய்த்தான் போனது என்பார்கள். போயும் இருக்கும்.

கேர்டிஸின் கமரா இல்சாவோடு விமானத்துக்குள் போகவில்லை. போக வழியும் இருக்கவில்லை. கடைசிக் காட்சியில் பின்னால் நிற்பது ஒட்டுப்பலகையில் வெட்டிய சின்ன விமானம். பெரிதாகத் தெரியவேண்டுமென்று உயரம் குறைந்தவர்களை மெக்கானிக்குகளாக நடமாடவிட்டு, மிச்சத்தைப் புகையால் மூடினார்கள். அதற்கு உள்பக்கமே கிடையாது. படப்பிடிப்பு முடிந்த பிறகு, முடிவு இன்னும் நிறையவில்லை என்று தயாரிப்பாளர் ஹால் வாலிஸுக்குத் தோன்றியது. ஒரு வசனம் எழுதி, போகார்ட்டைத் திரும்பக் கூப்பிட்டு, குரலை மட்டும் பதிந்து சேர்த்தார். றிக்குக்கும் பொலிஸ் கப்டனுக்கும் இடையே இனித் தொடங்கப்போகிற நட்பைப் பற்றிய வசனம் அது. அதே செலவில் இல்சாவுக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.